ஈடாகுமா ஏட்டுக் கணக்கு?

தம்பி!

பணத்துக்கு வங்கி உண்டு, பொன்னுக்கும் உண்டு. சதுப்பு நிலத்தை வரவு வைக்கும் வங்கியும் அமெரிக்காவில் உண்டு, கேள்!

சதுப்பைத் தூர்த்து மாளிகை எழுப்பும் செல்வர், வேறிடத்தில் சீர்கெட்ட சதுப்பையும் ஓடையையும் மீட்டவரிடம் வரவுப் புள்ளிகளை விலைக்கு வாங்குவார். ‘அழித்ததற்கு ஈடு செய்தேன், கணக்கு நேராயிற்று’ என்பார்!

சட்டம் அப்படியா சொல்கிறது? அழிவைத் தவிர், இயலாவிடில் குறை, எஞ்சியதற்கு மட்டுமே ஈடு செய் - 2008-இல் வகுத்த விதியிலும் வரிசை இதுதான். முதற்படியைத் தாண்டி மூன்றாம் படியில் குதிக்கிறது வணிகம்!

ஈடு எங்கே முளைக்கிறது? நகரில் சதுப்பு மறைய, நாட்டுப்புறத்தில் ஈடு முளைத்ததைப் புளோரிடாவில் நடந்த ஆய்வொன்று 2006-இல் காட்டிற்று. மழைநீரை உறிஞ்சி வைத்த சதுப்பு போனபின், ஏழையின் குடிசைக்குள் வெள்ளம் புகுந்தால், தொலைவிலுள்ள சதுப்பா ஓடிவந்து குடிக்கும்?

மீட்பதை நாம் பழிக்கவில்லை, தம்பி! 1780-களுக்கும் 1980-களுக்கும் இடையே, அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாநிலங்களில் சதுப்பில் பாதிக்குமேல் இழந்த நாடு அது. மீட்கட்டும், வாழ்த்துவோம். ஆனால் மீட்பு, கடமையாக இருக்கட்டும். அழிப்பதற்கான அனுமதிச் சீட்டாக வேண்டாம்!

ஈட்டுத் திட்டங்களால் சதுப்பின் பயன்கள் குறையாமல் காக்கப்படவில்லை என 2001-இல் உரைத்தது அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றமே. விதிகள் பின்னர் இறுகின, உண்மைதான். எனினும், வரவேட்டை நீட்டுவோரிடம் நீ கேட்க வேண்டியவை இரண்டு:

இழந்தவர் யார்? ஈடு பெற்றவர் யார்?

இருவரும் ஒருவரல்லரெனில், அது ஈடன்று, ஏய்ப்பு!