படம் போட்டால் பொறுப்பு முடியாது

பெட்டியின் மீது ஒரு படத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் வியாபார உலகில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவருக்கும் படம் விளங்கும், மூன்று மொழிகளில் அச்சடிக்கும் செலவும் மிச்சம் என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். மற்றப் பொருள்களில் எப்படியோ போகட்டும். கர்ப்பிணித் தாய்மார் பாவிக்கக் கூடாத மருந்துகளில் இந்த எண்ணம் ஆபத்தானது. பாமசி வைத்திருப்பவர்கள் மட்டுமன்றி எல்லா வியாபாரிகளும் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

நான் மருந்து விற்பவன் அல்லன். ஆனால் பெட்டிகளோடும் லேபல்களோடும் முப்பது வருடங்களுக்கு மேல் காலம் கழித்தவன். சரக்குப் பெட்டியில் கிளாஸ் படம் இருந்தால், உடையும் பொருள், கவனமாக இறக்கு என்று அர்த்தம். அதைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் விளங்கிக்கொள்வதில்லை. உள்ளே கிளாஸ்தான் இருக்கிறது என்று நினைக்கும் புதுப் பையன்களை நான் எத்தனையோ பேர் கண்டிருக்கிறேன். நாட்டாமைமார் சொல்லிக் கொடுத்த பின்புதான் அவர்களுக்கு விளங்கும். கிளாஸ் உடைந்தால் நட்டம் காசோடு போய்விடும். மருந்தில் அப்படி அல்ல.

கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினோயின் என்ற மருந்து, கர்ப்ப காலத்தில் பாவித்தால் குழந்தைக்குப் பாரதூரமான பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும். அமெரிக்காவில் அதன் பொதியில் வட்டத்துக்குள் ஒரு கர்ப்பிணியின் உருவத்தைப் போட்டு, குறுக்கே ஒரு கோடும் போட்டார்கள். அந்த அடையாளம் பெண்களுக்கு எப்படி விளங்குகிறது என்று நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2001ஆம் ஆண்டு வெளியானது. எவரும் எடுத்துக் கொடுக்காமல் சரியான அர்த்தத்தைச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே. நால்வரில் ஒருவர் அளவிலானோர் அதைக் கர்ப்பத் தடை மாத்திரை என்று நினைத்தார்கள்!

அவர்களைக் குறை சொல்ல முடியாது. குறுக்குக் கோடு போட்ட சிகரட் படத்துக்குப் 'புகைக்காதே' என்று அர்த்தம். அப்படியானால் குறுக்குக் கோடு போட்ட கர்ப்பிணிப் படத்துக்கு என்ன அர்த்தம்? 'கர்ப்பிணி இதைக் குடிக்காதே' என்றும் எடுக்கலாம், 'இதைக் குடித்தால் கர்ப்பம் தங்காது' என்றும் எடுக்கலாம். இரண்டாவது அர்த்தத்தை நம்பி ஒரு பெண் அந்த மருந்தைக் குடித்தால் நிலைமை என்னவாகும்?

தலிடோமைட் என்ற மருந்தின் கதை பலருக்குத் தெரியும். 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961இன் இறுதியில் மீளப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் பத்தாயிரம் அளவிலான குழந்தைகள் கை கால் குறைபாடுகளுடன் பிறந்தார்கள். தொழுநோயாளருக்கு உதவுவதால் பிரேசிலில் அது தொடர்ந்தும் பாவனையில் இருந்தது. அங்கும் பொதியில் குறுக்குக் கோடிட்ட கர்ப்பிணிப் படம் இருந்தது. அதைக் கர்ப்பத் தடைக்கான மருந்தென்று விளங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகள் அங்கே பின்னரும் பிறந்தார்கள்.

நமது நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. படம் இருப்பது பெட்டியில். பெட்டியோ பாமசியின் ராக்கையிலேயே நின்றுவிடுகிறது. பத்துக் குளிசை கேட்டால் அட்டையை வெட்டி, சிறிய கடதாசி உறையில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதித் தருகிறார்கள். மருந்தோடு வரும் துண்டுப் பிரசுரமும் பெட்டியோடு தங்கிவிடும். நம்மவர் குடும்பங்களில் மனைவியின் மருந்தைப் பெரும்பாலும் கணவனோ மகனோதான் வாங்கி வருகிறார். பாவிக்கப் போகிற பெண்ணின் கண்ணில் அந்தப் படம் படுவதேயில்லை. பிறகு மிஞ்சிய குளிசை, இதே வருத்தம் என்று பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

ஆகவே நமது நாட்டில் உண்மையான லேபல் அந்தக் கடதாசி உறைதான். பாமசி நடத்தும் சகோதரர்கள் ஒரு ரப்பர் முத்திரை செய்துகொள்ளலாம். 'கர்ப்பிணிகள் பாவிக்கக் கூடாது. கர்ப்பம் தங்கியிருக்கக்கூடும் என்றால் டொக்டரிடம் கேளுங்கள். மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்' என்று தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால் போதும். எந்த மருந்துகளுக்கு அதைக் குத்துவது என்பதைக் கடையிலுள்ள மருந்தாளர் தீர்மானிக்கட்டும். பிரான்ஸில் 2017இல் மருந்துப் பொதிகளுக்குக் கர்ப்பிணி அடையாளத்தைக் கட்டாயமாக்கியபோது, ஆபத்து, தடை என்ற சொற்களையும் படத்தோடு சேர்த்தே போட்டார்கள். வசதி படைத்த நாடே படத்தை மட்டும் நம்பவில்லை.

வாயாலும் சொல்ல வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒரு பெண்ணிடம் 'நீங்கள் கர்ப்பமா' என்று கேட்பது மரியாதை அல்ல. 'இது கர்ப்பிணிகளுக்குக் கூடாத குளிசை, வீட்டில் சொல்லுங்கள்' என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னால் எவருக்கும் சங்கடமில்லை. தான் கர்ப்பம் என்று பெண் அறிவதற்கு முந்திய வாரங்களிலேயே சில மருந்துகள் கெடுதி செய்துவிடுவதால் இது இன்னும் அவசியம்.

எச்சரிக்கை பயமுறுத்தலாகவும் மாறக் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோவேட் மருந்தைக் கர்ப்ப காலத்தில் பாவித்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே 'தானாக நிறுத்த வேண்டாம், உடனே டொக்டரைக் காணுங்கள்' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முத்திரைக்கு ஆகும் செலவு ஒரு முறைதான். சொல்வதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பவனே நல்ல வியாபாரி என்று நாம் பேசுகிறோம். வாங்குபவருக்கு விளங்காத மாதிரிச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் ஒன்றுதான்.