"சயின்ஸுக்கு என்ன வாங்கலாம் டாக்டர்?" வீட்டுக்கல்விப் பெற்றோருக்கு ஒரு நீண்ட த்ரெட்

1/
"வீட்டுலயே படிக்க வைக்கிறோம், சயின்ஸுக்கு என்ன வாங்கலாம் டாக்டர்?" சில பெற்றோர் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. போன வாரம் ஒருத்தர் ஒரு பிடிஎஃப் அனுப்பி "இது நல்லா இருக்குங்களா?"ன்னு கேட்டார். 'இயற்கைவழி அறிவியல்'னு தலைப்பு. எட்டு வயசுப் பிள்ளைகளுக்காம்.

2/
உள்ளே என்ன இருக்கு? காய்ச்சல்ங்கிறது உடம்பு தன்னைத்தானே கழுவிக்கிற வேலை. கிருமியால நோய் வர்றதில்ல. தடுப்பூசி வெறும் வியாபாரம். காய்ச்சல் உடம்போட எதிர்வினைங்கிறது உண்மைதான். அந்த ஒரு உண்மையை முன்னாடி நிறுத்தி, பின்னாடி வரிசையா பொய்யை ஏத்தி விக்கிறாங்க. கோபத்துலதான் எழுதறேன். நீளமா போகும், பொறுமையா படிங்க.

3/
முதல்லயே சொல்லிடறேன், வீட்டுக்கல்வியைத் திட்டறதுக்கு இந்த த்ரெட் இல்ல. நாமக்கல்ல இருந்துக்கிட்டு அந்தப் பெற்றோரைத் திட்ட எனக்கு வாய் வராது. நம்ம ஊரு ஹாஸ்டல் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி'ன்னு தமிழ்நாடே பேரு வெச்சிருக்கு. 11-ஆம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிட்டு ரெண்டு வருஷமும் 12-ஆம் வகுப்பையே உருப்போட வெச்ச கதை எல்லாருக்கும் தெரியும். 2017-ல் அரசு ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்தி, 11-க்கும் பொதுத்தேர்வுன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

4/
பயாலஜில 200-க்கு 198 வாங்கிட்டு மெடிக்கல் காலேஜ் வந்தவங்க என்கூட படிச்சாங்க. மைக்ராஸ்கோப்பை முதல்முறையா கையால தொட்டதே இங்கதான்னு அவங்கள்ல சிலர் சொல்லிருக்காங்க. அதுக்குப் பேரு அறிவியல் கல்வின்னா, பிள்ளையை அங்க அனுப்ப மாட்டேன்னு ஒரு அம்மா சொல்றதுல என்ன தப்பு?

5/
தப்பு அடுத்த படியில நடக்குது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்துக்கு உடனே கடை விரிக்க மூணு பேர் நிக்கிறாங்க.

முதல் ஆளு ஆப் விக்கிறவர். கோள் சுத்துது, இதயம் துடிக்குது, பார்க்க அழகா இருக்கு. ஆனா பிள்ளை எதையும் ஊகிக்கிறதில்ல, எதுலயும் தோத்துப் போறதில்ல. உட்கார்ந்து பார்க்குது, அவ்வளவுதான். டி.வி. பார்க்கிறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

6/
ரெண்டாவது ஆளு கிட் விக்கிறவர். ஆயிரம், ரெண்டாயிரம்னு விலை. ஆப்பசோடாவும் வினிகரும் கொட்டினா நுரை பொங்கும், அட்டையில 'எரிமலை'ன்னு எழுதியிருக்கும். நிஜ எரிமலைக்குள்ள அந்த வேதிவினை நடக்கிறதே இல்ல. என்ன வரும்னு முன்கூட்டியே அச்சடிச்சுக் கொடுத்துட்டா அது சோதனை இல்ல, சமையல் குறிப்பு.

7/
மூணாவது ஆளுதான் ஆபத்தானவர். 'மண்', 'பாட்டி', 'மரபு'ன்னு மென்மையா பேசுவார். பள்ளிக்கூடத்தால காயப்பட்ட பெற்றோரோட மனசு அவருக்கு நல்லா தெரியும். "பள்ளி உங்களை ஏமாத்துச்சுல்ல, அதே மாதிரி ஆஸ்பத்திரியும் ஏமாத்துது"ன்னு ஒரே மூச்சுல கோத்துடுவார். மனப்பாடத்துல இருந்து தப்பிச்ச பிள்ளை இன்னொரு மனப்பாடத்துல போய் மாட்டிக்கும். கூண்டு மட்டும்தான் மாறியிருக்கு.

8/
அப்ப எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கிறது? புத்தகமோ வீடியோவோ கிட்டோ, ஒரே ஒரு கேள்வி போதும். "இது உண்மைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க?" இந்தக் கேள்விக்கு அதுல பதில் இருக்கா, இல்ல பதில் தேட பிள்ளைக்கு வழி இருக்கா? ரெண்டும் இல்லைன்னா காசு கொடுக்காதீங்க.

9/
நம்ம ஊரு உதாரணமே எடுப்போம். "பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தான் வளர்க்கறாங்க." அந்த பிடிஎஃப்லயும் இது இருக்கு. கோழிப்பண்ணைக்குப் பேர் போன மாவட்டத்துல, பண்ணைக்குப் பக்கத்துலயே குடியிருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர்றாங்க. எப்படித் தெரியும்? "எல்லாரும் சொல்றாங்க."

10/
கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு, 2014-ல் வெளியானது. 1957, 1978-ல இருந்து மாறாம பாதுகாத்து வெச்சிருந்த கோழி வம்சங்களையும் 2005-ன் பிராய்லர் ரகத்தையும் ஒண்ணா வளர்த்தாங்க. மூணுக்கும் ஒரே தீவனம். 56-ஆவது நாள் எடை: 1957 வம்சம் சுமார் 900 கிராம், 1978 வம்சம் 1.8 கிலோ, 2005 ரகம் 4.2 கிலோ. ஊசியே இல்ல. தலைமுறை தலைமுறையா வேகமா வளர்ற கோழியையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செஞ்சதோட பலன் அது.

11/
அப்ப பயப்பட ஒண்ணுமே இல்லையா? இருக்கு. தீவனத்துல கலக்கிற ஆன்டிபயாடிக். கொலிஸ்டின்னு ஒரு மருந்து, வேற எதுவும் கேட்காத நோயாளிக்கு நாங்க கடைசியா எடுக்கிறது. அதைக் கோழி, மாடு வளர்ப்புல பயன்படுத்தக் கூடாதுன்னு 2019-ல் இந்தியாவுல தடை போட்டாங்க. எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியறதுதான் அறிவியல் படிச்சதோட லாபம். அந்த பிடிஎஃப்ல கொலிஸ்டின் பத்தி ஒரு வரி கிடையாது.

12/
"குழந்தைப் புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு டென்ஷன் டாக்டர்?"னு கேட்பீங்க. சொல்றேன்.

கொஞ்ச நாள் முன்னாடி ஓ.பி.க்கு ஒரு அப்பா பையனைக் கூட்டிட்டு வந்தார். பத்து வயசு, வீட்டுலதான் படிக்கிறான். தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சு மூணு நாள் ஆச்சு. காயத்து மேல சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும். கெட்டிக்காரப் பையன், வியாழன் கிரகத்தோட நிலாக்கள் பேரை வரிசையா சொன்னான். "சோப்பு போட்டு கழுவுனியா கண்ணு?"ன்னு கேட்டேன். அப்பா பதில் சொன்னார்: "சோப்பு கெமிக்கல்ங்க டாக்டர், நாங்க வீட்டுல வெச்சுக்கறதில்ல."

13/
ரேபிஸ் வைரஸுக்கு வெளியே கொழுப்பால ஆன ஒரு உறை இருக்கு. சோப்பு கொழுப்பை உடைக்கும். அதனாலதான் நாய் கடிச்ச உடனே ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவச் சொல்றோம். தோசைக்கல்லு பிசுக்கு வெறும் தண்ணியில போகுதா, சோப்புல போகுதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பார்த்த பிள்ளைக்கு இதை ஒரே நிமிஷத்துல புரிய வைக்கலாம். பையனுக்கு அன்னிக்கே தடுப்பூசி ஆரம்பிச்சோம், நல்லா இருக்கான். ரேபிஸ் அறிகுறி வந்தப்புறம்னா கிட்டத்தட்ட யாரையும் காப்பாத்த முடியாது.

14/
இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2017 பிப்ரவரியில தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தப்ப, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி எத்தனையோ பெற்றோர் தயங்கினாங்க. முகாமையே நீட்டிக்க வேண்டி வந்துச்சு. 2018 ஜூலையில திருப்பூர்ல யூடியூப் வீடியோ உதவியோட வீட்டுலயே பிரசவம் பார்த்து, ரத்தப்போக்குல ஒரு தாய் இறந்தாங்க. படிச்ச குடும்பம். சிலபஸ் முடிச்சிருந்தாங்க. "எப்படித் தெரியும்?"னு கேட்கிற பழக்கத்தை எந்தப் பள்ளியும் அவங்களுக்குக் கொடுக்கல.

15/
சரி, என்ன வாங்கலாம்? பாதிக்கு மேல இலவசம்.

முதல்ல தமிழ்நாடு அரசுப் பாடநூல். 2018-ல இருந்து வந்த புதுப் புத்தகங்கள் இணையத்துல காசில்லாம கிடைக்குது. 10-ஆம் வகுப்பு அறிவியல்ல உயிரினங்களோட பரிணாமத்துக்குத் தனிப் பாடமே இருக்கு. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. தன் 10-ஆம் வகுப்புப் புத்தகத்துல இருந்து பரிணாமத்தை எடுத்தப்ப, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்து போட்டு எதிர்த்தாங்க. நம்ம புத்தகத்துல அது இருக்கு, படிக்க வையுங்க. ஆனா பின்பக்கக் கேள்வி-பதிலை மட்டும் உருப்போட வெச்சா, வீட்டுக்குள்ளயே ஒரு பிராய்லர் பள்ளி திறந்த மாதிரி.

16/
'துளிர்' மாத இதழ். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடது, 1987-ல இருந்து சிறுவர்களுக்காகத் தமிழ்ல வருது. சந்தா கட்டுங்க.

அரவிந்த் குப்தா. ஐ.ஐ.டி. கான்பூர்ல படிச்சவர், 2018-ல் பத்மஸ்ரீ. தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பாட்டில் வெச்சு நூத்துக்கணக்கான பொம்மைகள். வீடியோக்கள் பல இந்திய மொழிகள்ல இருக்கு, எல்லாம் இலவசம். பிள்ளை செஞ்ச பொம்மை முதல் தடவை ஓடாது. ஏன் ஓடலைன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாடம்.

17/
காசு கொடுத்து வாங்கணும்னா ஒண்ணே ஒண்ணு சொல்வேன்: ஃபோல்ட்ஸ்கோப். காகிதத்துல மடிக்கிற மைக்ராஸ்கோப், மனு பிரகாஷும் அவர் மாணவரும் ஸ்டான்ஃபோர்டுல உருவாக்கினது. 140 மடங்கு பெருசா காட்டும். வெங்காயத் தோல், குட்டைத் தண்ணி, கொசுப் புழு எதுனாலும் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒரு சொட்டுத் தண்ணியில நீந்தறதைப் பார்த்த பிள்ளைகிட்ட "கிருமியே கிடையாது"ன்னு சொல்லிப் பாருங்க, சிரிக்கும்.

18/
சமையலறையில ஒரு சோதனை. மூணு டம்ளர்ல காய்ச்சின பால். ஒண்ணு வெதுவெதுப்பா, ஒரு ஸ்பூன் தயிரோட. ரெண்டாவது அதே வெதுவெதுப்பு, தயிர் இல்லாம. மூணாவதுல பால் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே தயிர். மூணையும் மூடி வெச்சுட்டு, காலைல எது உறையும்னு ராத்திரியே பிள்ளையை நோட்டுல எழுதச் சொல்லுங்க. தயிர் போடாத டம்ளர் எதுக்குன்னு அதுவே கேட்கும். மருந்து ஆராய்ச்சியில மருந்து கொடுக்காத ஒரு குழுவை வெச்சு ஒப்பிடறதும் இதே யோசனைதான்.

19/
முதல்ல ஊகம், அப்புறம் சோதனை, ஊகம் தப்பினா அதையும் அழிக்காம எழுதறது. மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்ல 1972-ல இருந்து 2002 வரைக்கும் அரசு கிராமப் பள்ளிகள்ல இப்படித்தான் அறிவியல் சொல்லிக் கொடுத்தாங்க. விலை குறைஞ்ச சாமான், பரீட்சையில புத்தகத்தைத் திறந்து பார்த்தே எழுதலாம். கிராமத்துப் பள்ளிகளால முடிஞ்சது உங்க வீட்டுலயும் முடியும்.

20/
வெளியே கூட்டிட்டுப் போங்க. அடைகாக்கிற நாட்டுக்கோழி முட்டையை அஞ்சாறு நாள் கழிச்சு இருட்டுல டார்ச் வெச்சுப் பாருங்க, ரத்தக்குழாய் சிலந்தி வலை மாதிரி தெரியும். 21 நாள்ல குஞ்சு. கடை முட்டை ஏன் பொரியாதுன்னு அப்ப கேளுங்க. நம்ம மாவட்டத்துச் சித்தம்பூண்டி பாறை நிலாவோட மேட்டுநிலப் பாறை வகையைச் சேர்ந்தது. அனார்த்தோசைட்னு பேரு. இஸ்ரோ அதைப் பொடியாக்கித்தான் சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் மாதிரி தயாரிச்சாங்க. பரமத்தி வேலூர்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கிட் எந்தக் கம்பெனி விக்கும்?

21/
இப்ப கமெண்ட்ல வரப்போறது: "மரபு அறிவை இழிவு பண்றீங்க." இல்லைங்க. சர்ப்பகந்தா நம்ம நாட்டு மூலிகை. மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, 1949-ல் வெளியிட்டார். உலகமே கவனிச்சுது. 1952-ல் அதுல இருந்து ரெசர்பின் பிரிச்செடுத்தாங்க. பின்னாடி மனச்சோர்வு மாதிரி பக்கவிளைவும் பதிவாச்சு, இப்ப அதிகம் கொடுக்கிறதில்ல. பாட்டி சொன்னது கேள்வியோட ஆரம்பம். அதைச் சோதிக்க விடாம கும்பிட மட்டும் சொல்ற ஆளுதான் மரபை அவமானப்படுத்தறார்.

22/
அடுத்தது: "நாங்க சயின்ஸ் படிக்கலைங்களே, எப்படிச் சொல்லித் தர்றது?" பிள்ளை கேட்கிற கேள்விக்கு "தெரியல சாமி, வா பார்க்கலாம்"னு சொல்லத் தெரிஞ்சா போதும். 10-ஆம் வகுப்பைத் தனித்தேர்வரா எழுதினாலும் அறிவியல்ல செய்முறை உண்டு. அப்ப திடீர்னு பயப்படறதுக்குப் பதிலா இப்பவே கையைப் பழக்குங்க.

23/
டாக்டரா ஒரு வேண்டுகோள். பள்ளிக்குப் போற பிள்ளைக்கு டிடி ஊசி, குடற்புழு மாத்திரை, கண்-பல் பரிசோதனை எல்லாம் அங்கேயே நடந்துடும். வீட்டுல படிக்கிற பிள்ளை இது எல்லாத்தையும் தவற விடும். 10 வயசுலயும் 16 வயசுலயும் டிடி போடணும். புதன்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, காசு கிடையாது. போற வழியில தடுப்பூசி எப்படி வேலை செய்யுதுன்னு பிள்ளை கேட்கும். அன்னிக்கு அதுதான் பாடம்.

24/
கடைசியா அந்த பிடிஎஃப் அனுப்பினவருக்கு: நல்லா இல்லைங்க. அழிச்சுடுங்க. அனுப்பின குரூப்ல இந்த த்ரெட்டைப் போடுங்க. அங்க யாராவது "டாக்டர் கார்ப்பரேட் ஆளு"ன்னு சொன்னா, "சரிங்க, கிருமி இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருங்க. சந்தேகம் இருந்தா கீழ எழுதுங்க, நைட் டூட்டி முடிச்சுட்டு பதில் சொல்றேன்.