41 லட்சத்திலிருந்து 22 ஆயிரம்: சரத் பொன்சேகாவுக்கு என்ன ஆச்சு?

2010 ஜனவரி 26. இலங்கை ஜனாதிபதித் தேர்தல். ஒரு பக்கம், போரை நடத்தச் சொன்ன ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. எதிர்ப்பக்கம், அந்தப் போரைக் களத்தில் நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. போர் முடிந்து எட்டே மாதம்தான் ஆகியிருந்தது. வெற்றிக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள், நாற்காலி ஒன்றுதான்.

யார் இவர்?

2005 டிசம்பரில் ராணுவத் தளபதியானார். 2006 ஏப்ரலில், கொழும்பு ராணுவத் தலைமையகத்திலேயே நடந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்தார். பிழைத்து வந்து மறுபடியும் பொறுப்பேற்றார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது தென்னிலங்கை அவரைக் கொண்டாடியது. அதே போரின் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இரண்டும் ஒரே தளபதியின் கதைதான்.

தமிழர்கள் ஏன் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

பலருக்கும் இன்றுவரை புரியாத விஷயம் இது. ராஜபக்சவைத் தோற்கடிக்க ஐக்கிய தேசியக் கட்சியும் ஜேவிபியும் பொது வேட்பாளராக பொன்சேகாவை முன்னிறுத்தின. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவு கொடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓட்டுப் போட்டதே ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் பொன்சேகா பக்கம். அது அவர் மீதான அன்பு இல்லை. இரண்டு பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப கையில் இருந்த ஒரே வழி. வீட்டிலேயே இருந்துவிட்ட மற்றவர்களும் ஒரு பதில் சொன்னார்கள்.

முடிவு: ராஜபக்சவுக்கு 57.88%, பொன்சேகாவுக்கு 40.15%. சுமார் 41.7 லட்சம் ஓட்டுகள்.

அப்புறம் என்ன நடந்தது?

தேர்தல் முடிந்த இரண்டே வாரத்தில் கைது. அதுவும் ராணுவப் போலீஸ் கையால். காவலில் இருந்தபடியே ஏப்ரலில் எம்.பி. ஆனார். ராணுவ நீதிமன்றம் அவருடைய பதவிப் பட்டங்களைப் பறித்தது. ஆயுதக் கொள்முதல் வழக்கில் 30 மாதச் சிறை. எம்.பி. பதவியும் போனது. 2012 மே மாதம்தான் வெளியே வந்தார்.

2015-ல் ஆட்சி மாறியது. புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவரை பீல்ட் மார்ஷல் ஆக்கினார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் அவர்தான். ஆனால் அதே ஆண்டு நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு ஒரு சீட்கூட கிடைக்கவில்லை. பிறகு ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் வழியாகத்தான் நாடாளுமன்றம் போய் அமைச்சரானார். 2024-ல் மறுபடியும் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கிடைத்தது 22,407 ஓட்டுகள்.

இதில் கவனிக்க வேண்டியது எது?

2010-ல் விழுந்த 41 லட்சமும் பொன்சேகாவின் சொந்த ஓட்டு இல்லை. பின்னால் நின்ற கட்சிகளின் ஓட்டும், ராஜபக்ச எதிர்ப்பு ஓட்டும்தான் பெரும்பகுதி. அவர்கள் விலகியதும் சீருடைப் புகழ் மட்டும் மிஞ்சியது; அதை வைத்து ஒரு தொகுதியைக்கூட நிரப்ப முடியவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். அதே தளபதிக்கு ஒரு அரசு சிறை கொடுத்தது, அடுத்த அரசு உயர்ந்த பட்டம் கொடுத்தது. இரண்டிலுமே போரில் இறந்த, காணாமல் போன பொதுமக்கள் பற்றிய விசாரணை இல்லை. தண்டனையும் சரி, கௌரவமும் சரி, கொழும்பு அதிகாரப் போட்டியின் கணக்கு. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் 2017-லிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஒரு போர்வீரரை அரசியல் எப்படி நடத்தியது என்று பேசுபவர்கள், அந்தக் கேள்விக்கும் யார் பதில் சொல்வது என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.