காது கொடுத்தவரும் காசு வாங்கியவரும் ஒருவரே

விக்டோரியா காலத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் என்றதும் நமக்குப் பங்களாவும் குதிரை வண்டியும் நினைவுக்கு வருகின்றன. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் நிலைமை வேறு, தோழர்களே. 1829 வரை கத்தோலிக்கர் அங்கே நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. 1840களில் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கூலிகள்தான் லிவர்பூல் போன்ற ஊர்களில் பங்குகளை நிரப்பினார்கள். ஆங்கிலேயர் அருவருத்து ஒதுக்கிய மக்களின் சாமியார் அவர்.

நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் காலையில் லத்தீன் பூசை வைப்பார். பிறகு செபப்புத்தகம், பள்ளிக்கூடம், ஞானஸ்நானம், அடக்கம். சனிக்கிழமை என்றால் பாவசங்கீர்த்தனம் கேட்டே பொழுது போகும். இந்த ஒழுங்கையெல்லாம் குலைப்பது கதவு தட்டும் சத்தம். யாரோ சாகக் கிடக்கிறார்கள்.

1847இல் லிவர்பூலில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது அந்தச் சத்தம் ஓயவில்லை. ஈரம் கசியும் நிலவறைகளில் பல குடும்பங்கள் நெருக்கிக் கிடந்தன. சாகிறவரின் பாவசங்கீர்த்தனம் அடுத்தவர் காதில் விழக்கூடாது. அதனால் சாமியார் குனிந்து, நோயாளியின் வாயருகே காதை வைக்க வேண்டும். டைபஸைப் பரப்புவது உடுப்பிலிருக்கும் பேன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்த ஓராண்டில் அந்த நகரில் 10 பாதிரியார்கள் அந்தக் காய்ச்சலில் செத்தார்கள்.

இதைப் படித்து நாங்களும் நெகிழ்ந்தோம். கள ஆய்வுப் படிவத்தை வாசலிலேயே நிரப்பிவிட்டுத் திரும்பிய நாட்கள் எங்களுக்கும் உண்டு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையையும் பார்க்க வேண்டும். அந்தக் காலக் கோயில்கள் பலவற்றில் இருக்கைக்குக் காசு. காசு கொடுத்தவர் முன்னால் உட்காருவார், இல்லாதவர் பின்னால் நிற்பார். சாமியாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கிலிக்கன் சபைக்கு நிலமும் மானியமும் இருந்தன. இவருக்கு அரசு சம்பளம் கிடையாது. கோயில் கட்டிய கடன் வேறு கழுத்தை நெரிக்கும். வெள்ளிக்கிழமை நிலவறையில் குனிந்தவரே ஞாயிறன்று அந்தக் காசை எண்ண வேண்டியிருந்தது.

தனிமனிதரின் நல்ல மனசு ஏற்பாட்டை மாற்றிவிடும் என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இந்த வாரக் கணக்கைக் காட்டலாம். சாவுப் படுக்கையில் கிடைத்த சமத்துவம் உட்காரும் பலகையில் கிடைக்கவில்லை. நம்மூர் வடக்கன்குளத்திலும் அதே நூற்றாண்டில், அதே சபையில், சாதிக்கொரு பக்கமாகக் கோயில் கட்டினார்கள். அங்கே அன்று காசு கொடுத்தாலும் இடம் மாறி உட்கார முடியவில்லை.