பெல்ட் உருகின மெஷினும் ஒரு பொல்லடிப் பாட்டும்

"இது ஓடாது மகன், இரும்புக்காரனுக்குக் குடுங்க."

கல்முனை பசாரில் மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றிலும் இதே பதில். ஒருவர்கூட ஸ்க்ரூ கழற்றவில்லை.

சாமான் ஒரு நாலு ட்ராக் கெசட் ரெக்கோடர். எங்களில் ஒருவனின் மாமா தொண்ணூறுகளில் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய கெசட். ஊர்ப் பொல்லடிக் குழுவை அதில் பதிந்து வைத்திருக்கிறார். பாடின அண்ணாவியார் மௌத்தாகி வருசக் கணக்காகிவிட்டது.

சாதாரண செட்டில் போட்டுக் கொப்பி எடுக்கலாமே என்பீர்கள். நாங்களும் போட்டோம். பேய் முனகுற மாதிரி ஒரு சத்தம். சாதாரண கெசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. இந்த மெஷின் நாலையும் ஒரே திசையில் எழுதும். அதுவும் செக்கனுக்கு 4.75 சென்ரிமீற்றருக்குப் பதிலாக 9.5 வேகத்தில். ஆகவே சாதாரண செட்டில் பாதி ட்ராக் மெதுவாக இழுபடும், மறு பக்கம் போட்டால் மீதி பின்னாலிருந்து முன்னால் வரும். இந்த வகை மெஷின் செத்தால் உள்ளே இருக்கிற குரலும் பூட்டுப்பட்டுவிடும்.

1979 இல் டாஸ்காம் கொம்பனி போர்ட்டாஸ்டுடியோ 144 ஐ விட்டபோதுதான் சாதாரண கெசட்டில் இப்படிப் பதிகிற வழி வந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' அல்பம் வீட்டு அறைக்குள் அதில் பதிந்ததுதான். மாமாவுக்கு அவரைத் தெரியாது. ஆனால் செய்தது அதே வேலை.

கடைகள் கைவிட்டதும் நாங்களே இறங்கினோம். முதல் கோளாறு அடப்டரில். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. சவூதியில் அப்போது பல வீடுகளில் 127 வோல்ட் கரண்ட். நம்ம ஊரில் 230. யாரோ அப்படியே குத்தி அடப்டரை எரித்திருக்கிறார்கள். நல்ல காலம், மெஷின் தப்பிவிட்டது. புது அடப்டர் வாங்கும்போது நடுமுனை பிளஸா மைனஸா என்று மெஷினின் முதுகில் இருக்கிற படத்தைப் பாருங்க. மாறிக் குத்தினால் அதோடு சரி.

லைட் எரிந்தது, சக்கரம் அசையவில்லை. மருதமுனையில் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிற ஒரு பழைய ரேடியோ மேசன் கேட்டார்: "மோட்டர் சத்தம் வருதா? வருதெண்டா பெல்ட்தான்." திறந்தோம். பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரிக் கறுப்புக் களி. கடலோர வெக்கையும் ஈரமும் அந்த ரப்பரை அப்படி உருக்கிவிடும். பாமசி ஸ்பிரிட்டும் காது குடையிற பஞ்சும் கொண்டு வழித்தெடுக்க இரண்டு அந்தி போனது. சக்கரத்தைச் சுற்றி நூல் கட்டி அளவெடுத்து, அவருடைய பழைய பெட்டிக்குள்ளிருந்து அதைவிடக் கொஞ்சம் சின்ன பெல்ட் ஒன்று போட்டோம். இறுக்கம் கூடினால் மோட்டர் திணறும், தளர்ந்தால் வழுக்கும். ஹெட்டையும் துடைத்தபிறகு ஒரு உதவாத கெசட்டைப் போட்டுத்தான் சோதித்தோம். ஓடாத மெஷினுக்குள் ஒரிஜினலைப் போட்டு அமுக்காதீங்க, தேப்பைத் தின்றுவிடும்.

எங்களுக்குக் கெசட் மேல் காதலெல்லாம் இல்லை. அந்தச் சத்தம் 'இதமானது' என்கிற கதையும் எடுபடவில்லை; இஸ்ஸ் என்று இரைகிறது, அவ்வளவுதான். கபேக்களில் விண்டேஜ் என்று தட்டில் அடுக்கி வைக்கிறார்களே, அது அலங்காரம். எங்கள் கோபம் வேறு. கெம்பஸில் பொல்லடி பற்றி ஒப்படை எழுதுகிறோம், புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறோம். பாடின குரல் நாலு வீடு தள்ளி டின்னுக்குள் கிடக்கிறது. அதை வெளியே எடுக்கத் தெரிந்த கைகளோ கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கின்றன. அவர்களுக்குப் பிறகு யார் திறப்பார்? ஆகவே வீட்டில் இப்படி ஒன்று கிடந்தால் இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒருதரம் திறந்தாவது பாருங்க. பெரும்பாலும் செத்திருப்பது ஒரு ரப்பர் வளையம்தான்.

நாலு ட்ராக்கையும் லெப்டொப்பில் ஏற்றிவிட்டோம். மூன்றாவதில் பொல் அடிக்கிற சத்தம். அதை நிறுத்திவிட்டு முதல் ட்ராக்கை மட்டும் விட்டோம். மேடையில் பொல்லுச் சத்தத்துக்குள் கரைந்துபோகிற வரிகள் ஒவ்வொன்றாகக் கேட்டன. நடுவில் அண்ணாவியார் இருமுகிறார். "பிழச்சிட்டு, திரும்பப் போடு" என்கிறார். மாமா சிரிக்கிறார்.

இரண்டு சொல் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணாவியாரின் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டிக் கேட்கப்போகிறோம்.