விபத்தை அன்றே சொல்லுங்கள்!

நிரையில் வழுக்கி விழுந்த தொழிலாளி, "சின்ன அடிதானே" என்று தைலம் தடவிக்கொண்டு வீட்டில் முடங்கிவிடுகிறார். மாதங்கள் கழித்து மணிக்கட்டு மடங்காதபோது, விபத்து நடந்ததற்கே அத்தாட்சி இல்லை! நஷ்டஈடு கைநழுவிப் போகிறது.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ கொடுப்பது தருமமல்ல. நம் பெயரில் மாதந்தோறும் கட்டப்படும் சந்தாவுக்குரிய உரிமை. மருத்துவ விடுப்பு நான்கு நாட்களுக்குக் குறையாதிருந்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும்.

ஆகவே தோழர்களே! அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். பார்த்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிராணிமார்களே! தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அறிக்கை சொக்சோவுக்குப் போயாகவேண்டும். உங்கள் பேனா தாமதித்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையும். நிர்வாகம் தட்டிக்கழித்தால் சங்கத்துக்கு வாருங்கள். கேட்பது எங்கள் கடமை.