டம்ளர்ல போட்ட பயறு

பேத்தி ரெண்டாவது படிக்கிறா. பங்குனியில ‘வசந்த காலம்’னு பாடம் நடத்தி, கலர் பேப்பர்ல பூ வெட்டி, பிளாஸ்டிக் டம்ளர்ல பயறு போட வெச்சாங்க. நாலு இலை விட்டுச்சு. முழுப்பரீட்சை லீவு வந்துச்சு. பூட்டின வகுப்புல செடி காய்ஞ்சு போச்சு. புள்ள அழுதா.

டீச்சரைக் குறை சொல்லல. சின்னப் பிள்ளைகளுக்குக் கையால செய்யறதும் கதையும்தான் படிப்பு. 2022-ல அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அதைத்தான் சொல்லுது. காலம்தான் தப்பு. திருச்சி வெயில்ல பங்குனி, சித்திரையில விதைக்க நாங்களே யோசிப்போம்.

நமக்கு ஆடிப் பட்டம் இருக்கே! பள்ளிக்கூடம் ஜூன்ல திறக்குது. மேட்டூர் திறக்கிறதும் ஜூன் 12 (அணையில தண்ணி இருந்தா). ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல முளைப்பாரி கரைக்கிறாங்க. அதே நவதானியத்தை வகுப்புல ரெண்டு சட்டியில போட்டு, ஒண்ணை இருட்டுல, ஒண்ணை வெளிச்சத்துல வைங்க. ஒண்ணு வெளிறி மஞ்சளா வரும், இன்னொண்ணு பச்சையா வரும். ஏன்னு பிள்ளைகளே கேட்கும். வடை சுட்ட பாட்டி கதை சொல்ற அன்னைக்கு உளுந்து ஊனலாம். பேப்பர் பூவுக்குப் பதிலா தென்னை ஓலையில காத்தாடி செய்யலாம், காசும் மிச்சம். ஆடியில ஊனின அவரையைத் தையில பிள்ளைகளே பறிக்கலாம்.

அவரை விதை எடுத்து வெச்சிருக்கேன். டீச்சர் சரின்னா வகுப்புக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன்.